தகரப்பெட்டிக்குள் ஓர் ஊர்

போன வாரம் ஊர் வீட்டுப் பரணில் தாத்தாவின் தகரப்பெட்டியைத் திறந்தேன். மேலே கோயில் வரிக் கணக்கு. அடியில் ஒரு பஞ்சாயத்துத் தீர்ப்பு. கையெழுத்துகளுக்கு நடுவே இரண்டு கைநாட்டு. தாள் முழுக்கப் பூச்சி துளைத்த ஓட்டை; தொட்ட இடம் உதிர்ந்தது.

"பழைய குப்பைடா, எடைக்குப் போட்டுடலாம்" என்றார் சித்தப்பா.

இப்படி அழியும் நிலையில் இருக்கும் ஆவணங்களை மின்னாக்கம் செய்யவே 2004 முதல் பிரிட்டிஷ் நூலகம் நல்கை தருகிறது. அந்தப் பணத்தில்தான் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழகக் கிராமங்களில் 1870–1940 காலத்துப் பஞ்சாயத்து ஆவணங்களைத் தேடிப் படமெடுத்தது. எனக்குப் பிடித்தது அந்த நல்கையிலுள்ள நிபந்தனை: மூல ஆவணம் நாட்டை விட்டுப் போகக்கூடாது. நகலை மட்டும் இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

நல்கை வரும், வராமலும் போகும். கரையான் விண்ணப்பத் தேதி பார்த்து வருவதில்லையே! ஒவ்வொரு தாளாகச் செல்போனில் படமெடுத்து, தேதியும் விவரமும் குறித்து வைத்தேன்.

டார்ச் பிடித்த சித்தப்பா, கைநாட்டுக்குப் பக்கத்துப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். "அட, நம்ம பாட்டன்டா!"

இப்போது பெட்டிச் சாவி அவரிடம்தான்.

உங்கள் வீட்டுப் பரணையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.