மகரக்கட்டு

புனேவுக்கு வந்து பதினாறு வருஷமாச்சு. ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனையும், கொயரில் என் பையன் பாடுவதும்தான் எங்களுக்கு மிச்சமிருக்கும் ஊர் வாசனை. போன நவம்பரில், கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி. மேல் ஸ்தாயிக்குப் போனவன் குரல் கரகரவென்று உடைந்தது. மகரக்கட்டு உடைகிற வயசு. பின்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நானும் சிரித்துவிட்டேன்.

"இனிமே கொயருக்கு வரலைப்பா" என்றான். அதோடு வீட்டில் பாட்டு நின்றது.

மனசு கேட்காமல், ஆலயங்களில் பாடுவதற்காகவே சிறுவர்களைப் பழக்கும் பள்ளிகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி ஆலயத்தில் 16 சிறுவர்கள் பாட வேண்டும் என்று ஆறாம் ஹென்றி ராஜா 15-ஆம் நூற்றாண்டிலேயே ஏற்பாடு செய்துவிட்டார். கல்லூரியின் பள்ளியிலேயே தங்கிப் படிக்கும் அந்தப் பையன்கள் 13 வயசு வாக்கில் கிளம்பிவிட வேண்டும். இத்தனை பயிற்சியும் நாலைந்து வருஷக் குரலுக்குத்தான்!

அந்தக் காலத்தில் இன்னும் மோசம். வியன்னாவின் ஸ்டீபன் பேராலயத்தில் பாடிக்கொண்டிருந்த ஹெய்டனை, குரல் உடைந்ததும் 1749-இல் வெளியே அனுப்பிவிட்டார்கள். கையில் காசில்லை. பெரிய இசை மேதையானது அப்புறம்தான்.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வேறு வழக்கம். அங்குள்ள தோமா பள்ளி 1212-இல் தொடங்கியது. 1723 முதல் 1750-இல் இறக்கும்வரை பாக் அங்கேதான் பாட்டு வாத்தியார். ஒன்பது வயசில் சேரும் பையன் பதினெட்டு வரை இருக்கலாம். குரல் உடையும்போது பாட்டுக்குக் கொஞ்ச காலம் ஓய்வு. ஆனால் விடுதியை விட்டு அனுப்புவதில்லை. குரல் நிலைத்ததும் டெனாரிலோ பாஸிலோ நிற்க வைக்கிறார்கள்.

இதையெல்லாம் பையனிடம் உற்சாகமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அன்னைக்கு நீங்களும் சிரிச்சீங்கல்ல?" என்றான். எண்ணூறு வருஷச் சரித்திரம் அந்த ஒரு கேள்விக்கு முன்னால் நிற்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவன் பாடவில்லை. ஆனால் ஆலயத்துக்கு வந்து, கீபோர்டு பக்கத்தில் நின்று தாள் புரட்டிக் கொடுத்தான். நேற்று குளிக்கும்போது ஏதோ முணுமுணுத்தது கேட்டது. கட்டைக் குரல், சுருதி அங்கே இங்கே ஓடியது. நான் ஹாலில் சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் வீட்டிலும் அந்த வயசில் பையன் இருந்தால், தயவுசெய்து சிரித்துவிடாதீர்கள்.