காணாமல் போய்த் திரும்பி வந்த கவுண்டி

இங்கிலாந்தின் ஓக்கம் என்ற சிறு நகரத்தில் 1960 ஜனவரியில் பிறந்து, கடைசிவரை அந்த ஊரை விட்டுக் குடிபெயராத ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பிறந்தபோது அவர் ரட்லண்ட் கவுண்டிக்காரர். 14 வயதில் ஒருநாள் காலை தூங்கி எழுந்தபோது லெஸ்டர்ஷயர்காரர் ஆகியிருந்தார். 37 வயதில் மீண்டும் ரட்லண்ட்காரர். அப்போதும் தபால்துறை ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய முகவரியில் ரட்லண்ட் என்ற பெயர் முறைப்படி ஏறியபோது அவருக்கு 47 வயது. 65 வயதில், ஓய்வெடுக்க வேண்டிய காலத்தில், அதே பழைய கேள்வி மறுபடியும் கதவைத் தட்டியது: நீங்கள் எந்தக் கவுண்டி?

இத்தனைக்கும் அவருடைய வீடு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. கோடுகள்தான் நகர்ந்தன.

இந்திய வாசகருக்கு இது புதிதல்ல. 1950-ல் ஹைதராபாதில் பிறந்தவர், தெருவை விட்டு நகராமலே ஹைதராபாத் மாநிலம், ஆந்திரப் பிரதேசம், தெலங்கானா என்று மூன்று மாநிலங்களைப் பார்த்துவிட்டார். ஆனால் அங்கே பிரச்சினை கோடிக்கணக்கான மக்களைப் பற்றியது. ரட்லண்டின் ஜனத்தொகை 2021 கணக்கெடுப்பின்படி சுமார் 41,000. நம் ஊரில் ஒரு சுமாரான நகராட்சிக்குக்கூடப் போதாது. இவ்வளவு சிறிய இடம் தன்னைத் தானே ஆண்டுகொள்ள வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது நியாயமா? இந்தக் கேள்விக்கு இங்கிலாந்து அரை நூற்றாண்டுக்கும் மேலாக மாறி மாறிப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

லண்டனுக்கு வடக்கே, ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தொலைவில், தேசத்தின் நடுவயிற்றில் இருக்கிறது ரட்லண்ட். மேற்கிலும் வடக்கிலும் லெஸ்டர்ஷயர், வடகிழக்கில் லிங்கன்ஷயர், தென்கிழக்கில் நார்த்தாம்ப்டன்ஷயர். பரப்பளவு சுமார் 382 சதுர கிலோமீட்டர். தில்லியில் நான்கில் ஒரு பங்கு. மலை என்று எதுவும் இல்லை. மிக உயரமான மேடே 200 மீட்டரைத் தொடாது. அலையலையாய் ஏறி இறங்கும் வயல்கள், ஆடு மேயும் புல்வெளிகள், தேன் நிறச் சுண்ணாம்புக்கல்லில் கட்டிய வீடுகள், அங்கங்கே வைக்கோல் கூரை, ஊருக்கொரு தேவாலயக் கோபுரம். தெற்கு எல்லையாக வெல்லண்ட் நதி. அந்தப் பள்ளத்தாக்கை ஒரே வீச்சில் தாண்டுகிறது 82 வளைவுகள் கொண்ட செங்கல் ரயில் பாலம். விக்டோரியா ராணி காலத்தில் கட்டியது. நீளம் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகம்.

நகரங்கள் என்று சொல்ல இரண்டே இரண்டு: தலைநகரான ஓக்கம், பள்ளிக்கூடத்துக்குப் பேர்போன அப்பிங்கம். மற்றதெல்லாம் கிராமங்கள். உலகமெங்கும் கடைவிரித்த மெக்டொனால்ட்ஸ் இந்தக் கவுண்டிக்குள் நுழைந்தது 2020-ல்தான்.

கவுண்டி என்பதை மாவட்டம் என்று மொழிபெயர்ப்பது பாதி சரி. நம் மாவட்டத்தை ஆள்பவர் மேலிருந்து அனுப்பப்பட்ட கலெக்டர். இங்கிலாந்துக் கவுண்டியை நடத்துவது மக்கள் தேர்ந்தெடுக்கும் கவுன்சில். பள்ளிகள், சாலைகள், நூலகங்கள், முதியோர் பராமரிப்பு ஆகியவை அதன் பொறுப்பு. பல இடங்களில் அதற்குக் கீழே டிஸ்ட்ரிக்ட் கவுன்சில் ஒன்று இருந்து குப்பை அள்ளும், வீடு கட்ட அனுமதி தரும். அதற்கும் கீழே, நம் கிராம ஊராட்சியின் தூரத்து உறவாக, பாரிஷ் கவுன்சில்.

இந்த ஏணியில் ரட்லண்ட் எந்தப் படியில் நிற்பது என்பதில்தான் தகராறு.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உள்ளாட்சியைச் சீரமைக்கக் கிளம்பியவர்களுக்கு ரட்லண்ட் கண்ணில் விழுந்த தூசாக இருந்தது. பக்கத்து லெஸ்டர்ஷயருடன் சேர்த்துவிடலாம் என்று யோசனை வந்தது. மக்கள் கொதித்தார்கள், 1963-ல் அரசு பின்வாங்கியது. ஆனால் 1972-ல் வந்த உள்ளாட்சிச் சட்டத்தின் முன் எதிர்ப்பு எடுபடவில்லை. 1974 ஏப்ரல் 1 அன்று ரட்லண்ட் என்ற கவுண்டி இல்லாமல் போனது. லெஸ்டர்ஷயரின் கீழ் ஒரு டிஸ்ட்ரிக்ட் என்ற அளவில் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. முட்டாள்கள் தினத்தில் இப்படி ஒரு காரியம் நடந்ததைக் கிண்டல் செய்ய யாரும் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை.

அதே காலத்தில் இன்னொரு இழப்பும் நடந்துகொண்டிருந்தது. பெருகிவரும் பக்கத்து நகரங்களின் தாகம் தீர்க்க ஒரு நீர்த்தேக்கம் தேவைப்பட்டது. குவாஷ் என்ற சிற்றாற்றின் பள்ளத்தாக்கில், எம்பிங்கம் கிராமத்துக்கு அருகே அணை எழுந்தது. குவாஷ் ஆற்றில் அவ்வளவு தண்ணீர் கிடையாது. நேன், வெல்லண்ட் நதிகளிலிருந்து குழாய் வழியே இறைத்து நிரப்பினார்கள். நெதர் ஹாம்பிள்டன் என்ற கிராமம் முழுவதும், நடு ஹாம்பிள்டனில் பெரும்பகுதியும் இடிக்கப்பட்டு நீருக்குள் போயின. மேட்டிலிருந்த மேல் ஹாம்பிள்டன் தப்பித்து, மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த தீபகற்பமாக நிற்கிறது. கவுண்டியின் நிலத்தில் சுமார் 3 சதவீதம் ஏரியாகிவிட்டது.

நார்மன்டன் தேவாலயமும் இடிபடும் பட்டியலில்தான் இருந்தது. மக்கள் முட்டுக்கட்டை போட்டார்கள். கடைசியில் ஒரு சமரசம்: கட்டடத்தின் கீழ்ப்பாதியைக் கல்லும் காங்கிரீட்டுமாக அடைத்து, மேல்பாதியைத் தண்ணீருக்கு மேலே நிறுத்தினார்கள். இன்று அது ஏரிக்குள் இடுப்பளவு இறங்கி நிற்பதுபோலத் தெரிகிறது. வழிபாடு போய்விட்டது, கல்யாணங்கள் நடக்கின்றன. ரட்லண்டைப் பற்றிய எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் அட்டையில் இந்தப் படம்தான்.

கட்டும்போது அதற்கு எம்பிங்கம் நீர்த்தேக்கம் என்று பெயர். 1976-ல் திறந்தபோது வைத்த பெயர் ரட்லண்ட் வாட்டர். நிர்வாக வரைபடத்தில் கவுண்டியாக இடம் இழந்த பெயர் தண்ணீரில் பிழைத்துக்கொண்டது. பரப்பில் இங்கிலாந்தின் மிகப் பெரிய நீர்த்தேக்கத்துக்கு அந்நாட்டின் மிகச் சிறிய பழைய கவுண்டியின் பெயர்! 1996-ல் ஸ்காட்லாந்திலிருந்து விராலடிப்பான் குஞ்சுகளைக் கொண்டுவந்து இங்கே விட்டார்கள். இங்கிலாந்தில் சுமார் 150 வருடங்களாகக் கூடு கட்டாத அந்த மீன்தின்னிப் பருந்து, 2001-ல் ரட்லண்ட் ஏரிக்கரையில் குஞ்சு பொரித்தது. குளிர்காலத்தில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் பறக்கும். வசந்தத்தில் திரும்பி வரும். போனது திரும்பி வரும் என்று நம்ப ரட்லண்ட்காரர்களுக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

கவுண்டியும் திரும்பி வந்தது. 1990-களில் இன்னொரு ஆணையம், இன்னொரு சீரமைப்பு. 1974-ல் புதிதாக உருவாக்கிய ஏவன், ஹம்பர்சைட், கிளீவ்லண்ட் போன்ற கவுண்டிகள் யார் மனத்திலும் ஒட்டாமல் 1996-ல் கலைக்கப்பட்டன. 1997 ஏப்ரல் 1 அன்று ரட்லண்ட் மீண்டும் தனியாகியது. இம்முறை கவுண்டியின் வேலை, டிஸ்ட்ரிக்டின் வேலை இரண்டையும் ஒரே கவுன்சில் பார்க்கும் ஏற்பாடு. சட்டப்படி அதன் முழுப்பெயரைக் கேட்டால் சிரிப்பு வரும்: ரட்லண்ட் கவுண்டி கவுன்சில் டிஸ்ட்ரிக்ட் கவுன்சில். தபால்துறையோ முன்னாள் கவுண்டிப் பெயர்களைத் திருத்துவதில்லை என்ற தன் விதியைக் காட்டிக்கொண்டிருந்தது. நீண்ட பிரசாரத்துக்குப் பிறகு 2007-ல் இறங்கிவந்தது.

இதுவரை கேட்டால் நல்ல கதை. சின்னவன் ஜெயித்த கதை யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் சிறியது என்பதாலேயே எல்லாம் அழகாகிவிடாது. அதற்கும் ரட்லண்டின் சரித்திரத்திலேயே அத்தாட்சி இருக்கிறது.

1875-ல் அப்பிங்கம் நகரில் டைபாய்டு பரவியது. அங்குள்ள புகழ்பெற்ற பள்ளியின் மாணவர்கள் சிலர் இறந்தார்கள். சாக்கடையைச் சரிசெய்யவும் நல்ல தண்ணீர் கொண்டுவரவும் பொறுப்பானவர்கள் உள்ளூர்ப் பிரமுகர்கள்தான். வரி கூடிவிடுமே என்று தயங்கினார்கள். பொறுத்துப் பார்த்த தலைமை ஆசிரியர் எட்வர்ட் த்ரிங், 1876 வசந்தத்தில் ஒட்டுமொத்தப் பள்ளியையும் மூட்டை கட்டி, வேல்ஸ் நாட்டுக் கடற்கரையில் போர்த் என்ற கிராமத்துக்குக் கொண்டுபோய்விட்டார். ஒரு வருடத்துக்கு மேல் அங்கேதான் பாடம் நடந்தது. பள்ளியை நம்பிப் பிழைத்த ஊர் வெறிச்சோடியபிறகே புத்தி வந்தது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த இடத்தில் மாமனும் மச்சானும் சேர்ந்து ஒரு நல்ல காரியத்தை நிறுத்திவைப்பது எளிது. இது அப்பிங்கத்துக்கு மட்டும் உரிய குணமல்ல.

இன்றைய கணக்கும் கசப்பானது. ரட்லண்டில் நான்கில் ஒருவர் 65 வயதைத் தாண்டியவர். முதியோர் பராமரிப்புச் செலவு கவுன்சிலின் கழுத்தை நெரிக்கிறது. செலவைப் பகிர்ந்துகொள்ளத் தலைகள் குறைவு. எனவே வீட்டு வரி இங்கிலாந்திலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. போலீசும் தீயணைப்புப் படையும் லெஸ்டர்ஷயருடன் கூட்டு. ஓக்கத்தில் சிறிய மருத்துவமனை உண்டு. பெரிய அறுவைச் சிகிச்சை என்றால் எல்லை தாண்டித்தான் போக வேண்டும். தனிக்குடித்தனம் என்று சொல்லிக்கொண்டாலும் அடுப்பில் பாதி பக்கத்து வீட்டில் எரிகிறது.

இருந்தும் ஏன் இந்தப் பிடிவாதம்?

ஓக்கம் கோட்டைக்குள் போனால் பதில் கிடைக்கலாம். 12-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டிய பெரிய மண்டபம் அது. சுவர் நிறையக் குதிரை லாடங்கள், இருநூறுக்கும் மேல். அரச குடும்பத்தினரோ பிரபுவோ முதல்முறை இந்த ஊர் வழியாக வந்தால் ஒரு லாடம் காணிக்கை தர வேண்டும். பல நூற்றாண்டாக இதுதான் வழக்கம். இங்கிலாந்தில் லாடத்தை வாய் மேல்நோக்கி இருக்கும்படி மாட்டுவதே பொதுவழக்கம். இல்லாவிட்டால் அதிர்ஷ்டம் வழிந்துவிடுமாம். ரட்லண்டில் வாய் கீழ்நோக்கித்தான். நிமிர்த்தி வைத்தால் அந்தக் குழியில் சாத்தான் உட்கார்ந்துகொள்வான் என்பது இவர்கள் கட்சி. ஊர் உலகம் ஒரு பக்கம், ரட்லண்ட் ஒரு பக்கம்.

1619-ல் இந்த ஊரில் பிறந்தவர் ஜெஃப்ரி ஹட்சன். குள்ளத்திலும் குள்ளம். மன்னர் முதலாம் சார்லஸுக்கும் ராணிக்கும் அளித்த விருந்தில், ஒரு பெரிய பணியாரத்துக்குள்ளிருந்து கவசம் அணிந்து வெளியே வந்தார் என்பது கதை. அரண்மனையில் வளர்ந்து, துப்பாக்கிச் சண்டையில் ஒருவனைக் கொன்று, கடற்கொள்ளையர் கையில் அடிமைப்பட்டு வருடக்கணக்கில் கிடந்து திரும்பினார். கவுண்டிச் சின்னத்தில் பொறித்த லத்தீன் வாசகத்துக்குப் பொருள், ‘சிறியதில் நிறைய’ என்பது. ஹட்சனை நினைத்து எழுதியதுபோல் இருக்கிறது.

மண்ணும் அதையே சொல்கிறது. 2020-ல் கெட்டன் அருகே ஒரு வயலில் ரோமானியர் காலத்துத் தரைச் சித்திரம் வெளிப்பட்டது. டிராய் யுத்தத்தில் அகிலீஸும் ஹெக்டரும் மோதும் காட்சி. 2021 தொடக்கத்தில், ஏரியில் பராமரிப்புக்காக நீரைக் குறைத்தபோது சேற்றில் எலும்புகள் தட்டுப்பட்டன. சுமார் 18 கோடி வருடங்களுக்கு முந்தைய இக்தியோசார் என்ற கடல் ஊர்வன. 10 மீட்டர் நீளம். பிரிட்டனில் கிடைத்த அந்த இனத்து எலும்புக்கூடுகளில் இதுவே பெரியது.

2024 டிசம்பரில் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, புதிய உள்ளாட்சி அமைப்புகளுக்குச் சுமார் 5 லட்சம் மக்கள் வேண்டும் என்று பொதுவான அளவுகோல் ஒன்றை வைத்தது. 2025 பிப்ரவரியில் ரட்லண்டும் யோசனை தரும்படி கேட்கப்பட்டது. தேவையான எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத கவுண்டிக்கு இதன் அர்த்தம் புரியாமல் இல்லை.

5 லட்சம் என்பது நிர்வாகத்துக்கு வசதியான எண். அதைத் தவறு என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. கிழவிக்கு மருந்து கொடுக்க ஆள் அனுப்பும் கவுன்சிலிடம் பணம் இருக்க வேண்டும். பெயர்ப் பலகையால் அவளுக்கு வைத்தியம் ஆகாது. ஆனால் எங்கோ ஓர் அலுவலகத்தில் தன் ஊர் பட்டியலின் கடைசி வரியாக இருக்கும்போது, அந்தக் கிழவியின் வாசலில் பள்ளமான சாலையைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்வது? ரட்லண்ட் கவுன்சிலில் 27 உறுப்பினர்கள். சராசரியாக ஆயிரத்தைந்நூறு பேருக்கு ஒருவர். கடைத்தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்க முடிகிற தூரம் அது. இவர்கள் கட்டும் கூடுதல் வரி இந்தத் தூரத்துக்கான விலை. அந்த விலை அதிகமா, குறைவா என்பதைக் கொடுப்பவர்கள்தானே சொல்ல வேண்டும்?

1960-ல் பிறந்த அந்த ஓக்கம்வாசி இந்த வாதங்களை எல்லாம் இரண்டு முறை கேட்டாகிவிட்டது. அரசாங்கம் என்ன முடிவு எடுத்தாலும் கடிதத்தில் எந்தப் பெயர் எழுதுவது என்பதில் அவருக்குக் குழப்பம் இருக்காது. லெஸ்டர்ஷயராக இருந்த அந்த 23 வருடங்களிலும், யாராவது ஊர் எது என்று கேட்டால், அவர் சொல்லியிருக்கக்கூடிய பதில் ஒன்றுதான்.