ஓரக்கண்ணில் ஒரு கொத்தளம்

இதயத் துடிப்பின் தாறுமாற்றைச் சரிசெய்ய அப்லேஷன் செய்துகொண்டு வீடு திரும்பிய வாரத்தில், படித்துக்கொண்டிருந்த நாளிதழின் நடுவே சில எழுத்துகள் காணாமல் போயின. அந்த இடத்தின் விளிம்பில் வெள்ளைக் கோணல் கோடு ஒன்று மின்னியது. மெல்ல வளைந்து பெரிதாகி, அரை மணிக்குள் பார்வையின் இடது ஓரத்தைத் தாண்டிப் போய்விட்டது. எந்தக் கண்ணை மூடினாலும் அது தெரிந்தது. ஆகவே கோளாறு கண்ணில் இல்லை.

உடனே மருத்துவமனைக்கு ஓடினோம். ஸ்கேனில் பக்கவாதத்தின் தடயம் இல்லை. ஒற்றைத் தலைவலிக்கு முன்னால் வருகிற 'ஆரா' இது, தலைவலி இல்லாமலும் வரும் என்றார் நரம்பியல் மருத்துவர். வாழ்நாளில் ஒற்றைத் தலைவலியே அறியாத எனக்கு அது எங்கிருந்து வந்தது? அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

தேடியபோது முதலில் கிடைத்தது ஒரு படம். ஹியூபர்ட் ஏரி என்ற ஆங்கில மருத்துவர் தனக்கு நேர்ந்ததைத் தானே வரைந்து 1870இல் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டிருக்கிறார். கோட்டைக் கொத்தளங்களை மேலிருந்து பார்ப்பதுபோல் முனை முனையாக மடியும் கோடு, படிப்படியாக விரிகிறது. நான் கண்டதேதான்! அவருடைய தந்தை, அரச வானியலாளர் ஜார்ஜ் ஏரியும் அதே காட்சியைக் கண்டு எழுதியவர்.

உளவியலாளர் கார்ல் லாஷ்லியின் வேலை இன்னும் வியப்பானது. தன் பார்வையில் அந்தக் குருட்டுத் திட்டு பரவும் நேரத்தைக் குறித்துவைத்து, பிடரிப்பக்கத்துப் பார்வைப் புறணியில் ஏதோ ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் நகர்கிறது என்று 1941இல் கணக்கிட்டார். மண்டையைத் திறக்காமல், காகிதமும் பென்சிலும் கொண்டு! மூன்றே ஆண்டில், வலிப்பு நோயை ஆராய்ந்துகொண்டிருந்த பிரேசில்காரர் அரிஸ்டிடிஸ் லியாவோ, முயலின் மூளையில் ஏறக்குறைய அதே வேகத்தில் ஊரும் ஓர் அலையைக் கண்டார். அது போகும் வழியெல்லாம் நரம்பணுக்களின் மின்செயல் சிறிது நேரம் அடங்கிவிடுகிறது. 2001இல் ஆரா வந்துகொண்டிருந்தவரின் மூளையிலேயே அத்தகைய அலையின் தடத்தை எம்.ஆர்.ஐ. காட்டியது.

சரி, இதயத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு? விடை என் இதயநோய் மருத்துவரிடம் இருந்தது. "இடது மேலறைக்குள்ள போகணும்னா நடுச்சுவரை ஊசியால துளைச்சுத்தான் போகணும் சார். அந்த ஓட்டை ஆறுற வரைக்கும் சிலருக்கு இப்படி வரும்" என்றார். தொடை இடுக்கின் சிரை வழியே ஏறும் குழாய் வலது மேலறையைத்தான் அடைகிறது. சிகிச்சை வேண்டிய நுரையீரல் சிரைகளின் வாய்களோ இடப்பக்கம். துளை இருக்கும்வரை, நுரையீரல் வடிகட்டியிருக்க வேண்டிய நுண்ணிய ரத்தக் கட்டிகளும் சில வேதிப்பொருள்களும் குறுக்கு வழியில் மூளைக்குப் போகக்கூடும் என்று கருதுகிறார்கள். 2010இல் வெளியான ஆய்வில், எலிகளின் கழுத்துத் தமனியில் நுண்துகள்களையும் காற்றுக் குமிழ்களையும் செலுத்தியபோது லியாவோவின் அலை கிளம்பியது. இந்த விளக்கத்தையே நான் நம்புகிறேன். பெரும்பாலோருக்குத் துளை சில மாதங்களில் தானாக மூடிவிடுகிறது.

வீட்டுக்கு அனுப்பும்போது தந்த தாளில் தொடையில் ரத்தக் கசிவு, காய்ச்சல், மூச்சுத்திணறல் எல்லாம் இருந்தன. பார்வையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அது கட்டாயம் இருக்க வேண்டும். மெல்லப் பரவும் மின்னல் கோடு பெரும்பாலும் ஆராதான். ஆனாலும் முதல்முறை வரும்போது அதை நோயாளி தானே முடிவுகட்டக் கூடாது, அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பார்வை சட்டென்று இருண்டாலோ, வாய் குழறினாலோ, கை தளர்ந்தாலோ ஒரு நிமிடமும் காத்திராமல் 108ஐ அழைக்க வேண்டும்.