கரிசல் மண்ணைக் கேட்டுக் கட்டுவோம்

மதுரையிலிருந்து காரியாபட்டி வழியாக அருப்புக்கோட்டைக்குப் பேருந்தில் சென்றிருக்கிறீர்களா? தெற்கே செல்லச் செல்ல நிலம் கறுத்துக்கொண்டே வரும். அருப்புக்கோட்டையில் இறங்கிக் கிழக்கே திருச்சுழிச் சாலையில் திரும்பினால், கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல் காடுதான். பருத்தியும் கம்பும் மல்லியும் மிளகாயும் விளையும் மானாவாரிப் பூமி. கோடையில் அதில் நடந்து பாருங்கள். கை நுழையும் அளவுக்கு வெடிப்புகள் வாய் பிளந்து கிடக்கும். ஐப்பசி மழை விழுந்ததும் அவ்வெடிப்புகள் இருந்த இடம் தெரியாமல் மூடிக்கொள்ளும்.

விவசாயி இதை நன்கறிவான். ஆனால் அம்மண்ணின் மேல் வீடு கட்டுகிற நாம் அறிந்திருக்கிறோமா? இக்கேள்வியை என்னை நானே கேட்டுக்கொள்ள நேர்ந்த கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அச்சாலையை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் எனக்கு உறவினர்கள் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அவ்வூர் ஜமாஅத்தார், பிள்ளைகள் ஓதுவதற்கென ஒரு கட்டடம் எழுப்பினார்கள். பெண்கள் நாள்தோறும் உலையில் இடுமுன் எடுத்து வைத்த பிடி அரிசியின் காசும் அதில் சேர்ந்திருந்தது. மூன்றாம் ஆண்டிலேயே சன்னல் மூலையிலிருந்து கோணலாக ஒரு விரிசல் ஓடியது. சிமெண்ட் சரியில்லை என்றார் ஒருவர். கண்ணேறு என்றார் மற்றொருவர். அப்போது அங்கே சென்றிருந்த நான், “பூசி வெள்ளையடித்து விடுங்கள், சரியாகிவிடும்” என்றேன். என் சொல்லைக் கேட்டுப் பூசினார்கள். அடுத்த மழைக்காலத்தில் விரிசல் மீண்டும் திறந்தது. கதவும் நிலையில் இறுகிக்கொண்டது.

இவ்வாண்டு, பெண் பிள்ளைகளுக்கென இன்னோர் அறை கட்ட மீண்டும் வசூல் செய்து, அடிக்கல் நாட்டும் நாளன்று துஆச் செய்ய என்னை அழைத்தார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. முன்னாளில் என்னிடம் ஓதி, இன்று ஒரு பொறியியல் கல்லூரியில் கட்டடப் பொறியியல் கற்பிக்கும் தம்பி ஒருவரை, அந்நாளுக்கு முன்பே அழைத்துச் சென்றேன்.

அவர் சுவரை அதிக நேரம் பார்க்கவில்லை. சுற்றிலும் தரையைத்தான் பார்த்தார். “ஹஜ்ரத், வானம் எத்தனை அடி தோண்டினார்கள்?” என்று கேட்டார். மூன்றடி என்றார் முத்தவல்லி. ஒரு மூலையில் ஒளுச் செய்த நீர் தேங்கி நிற்பதையும், எதிர் மூலையில் நிழலுக்கு வைத்த வேப்பமரத்தையும் தம்பி காட்டினார். “அங்கே மண் நீர் குடித்து ஊதுகிறது. இங்கே மரம் ஈரத்தை உறிஞ்ச, மண் சுருங்குகிறது. ஒரு மூலை ஏற, மறு மூலை இறங்கினால் நடுவிலுள்ள சுவர் என்ன செய்யும்? இதில் கொத்தனாரை மட்டும் குறை சொல்ல முடியாது” என்றார்.

கரிசலில் மாண்ட்மோரில்லோனைட் என்னும் களிமண் கனிமம் மிகுதி. அது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகளின் அடுக்கு. தகடுகளுக்கிடையே நீர் புகுந்தால் மண் வீங்கும். நீர் வெளியேறினால் சுருங்கும். இதைக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் என் கண்ணாலேயே காட்டினார். உலர்த்திச் சலித்த மண்ணைப் பத்துப் பத்துக் கிராமாக அளவுகோடிட்ட இரு கண்ணாடிக் குழாய்களில் இட்டார். ஒன்றில் நீரும், மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றினார். 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால் மண்ணெண்ணெயில் மண் அப்படியே படிந்திருந்தது. நீரிலோ வெகுவாக ஊதி உயர்ந்திருந்தது. மண்ணெண்ணெயில் 10 அளவும் நீரில் 18 அளவும் நின்றால் அம்மண்ணின் வீக்கம் 80 சதவீதம். வரலாறு படித்துப் பட்டம் பெற்ற எனக்கே விளங்கிய கணக்கு இது.

வரலாறு படித்தவனுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்றும் கிடைத்தது. மண்ணியக்கவியல் என்னும் இக்கலையின் தந்தை எனப்படும் ஆஸ்திரியர் கார்ல் டெர்சாகி, 1916ல் உஸ்மானியத் தலைநகரான இஸ்தான்புல்லின் பொறியியல் பள்ளியில் கற்பிக்கச் சென்றவர். முதல் உலகப் போருக்குப் பின் அந்நகரிலேயே ராபர்ட் கல்லூரியில் எளிய கருவிகளைக் கொண்டு களிமண்ணை ஆராய்ந்தார். பாரம் ஏறியதும் முதலில் களிமண்ணிலுள்ள நீரே அதைத் தாங்குகிறது, நீர் மெல்லக் கசியக் கசியத்தான் மண் அமிழ்கிறது என்று கண்டு, 1925ல் நூலாக வெளியிட்டார். அதே இஸ்தான்புல்லில் 2013ல், பாஸ்பரஸ் கடலடியில் ரயில் செல்லும் மர்மரே சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. கடலடிச் சுரங்கமானாலும், குண்டாற்றின் மேல் பாலமானாலும், நம் ஊர் ஓதும் பள்ளியானாலும் முதற் கேள்வி ஒன்றே: அடியிலுள்ள மண் எத்தகையது?

கரிசலுக்கும் மருந்து உண்டு. மேல் மண்ணை அகற்றி, ஊதாத சரளை மண்ணை இட்டு இறுக்கலாம். சுண்ணாம்பு கலந்தால் வீக்கம் தணியும். அந்தச் சுண்ணாம்புக்கல்லை அருகிலுள்ள பந்தல்குடிப் பக்கத்திலேயே வெட்டி எடுக்கிறார்கள். ஆழமான கரிசலாயின், ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் வகுத்த முறை இருக்கிறது. குறைந்தது மூன்றரை மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, அடியில் குமிழ் போல் அகலப்படுத்திக் கான்கிரீட் தூண் வார்ப்பார்கள். அவ்வாழத்தில் மழையும் வெயிலும் மண்ணை அவ்வளவாக அசைப்பதில்லை. பழைய கட்டடத்துக்கோ, நீரை விலக்கிக் கால்வாய் அமைத்து, சுவரைச் சுற்றித் தளமிடுவதே முதல் வேலை.

இவற்றைக் கற்பிக்கும் இடங்கள் தொலைவில் இல்லை. 1794ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிப் பொறியியல் கல்லூரியும், 1959ல் தோன்றிய சென்னை ஐ.ஐ.டி.யும் மண்ணாராய்ச்சிக்குப் பெயர் பெற்றவை. மதுரையில் தியாகராசர் பொறியியற் கல்லூரி 1957 முதல் இருக்கிறது. உங்கள் பிள்ளைகளில், ஆணாயினும் பெண்ணாயினும், ஒருவரேனும் இத்துறையை நாடட்டும்.

அவ்வூர்க் கூட்டத்தில் மண் பரிசோதனைக்குப் பணம் ஒதுக்கச் சொன்னபோது முணுமுணுப்பு எழுந்தது. “பூமிக்குள் போடும் பணம் யார் கண்ணில் படும்?” என்றார் ஒரு பெரியவர். பிடி அரிசி சேர்த்த மூதாட்டி ஒருவர் திரைக்கு அப்பாலிருந்து, “முன்னே கட்டினது விரிஞ்சது எல்லார் கண்ணுலயும் பட்டுச்சே, அத்தா” என்றார். அடிக்கல் நாட்டு நாளை ஒத்தி வைத்தார்கள். பூசி மறைக்கச் சொன்னவன் நான்தான் என்பதை அச்சபையிலேயே ஒப்புக்கொண்டேன். பொதுப்பணம் அமானிதம், அதை மண்ணில் இடுமுன் மண்ணை அறிந்துகொள்வதும் அந்த அமானிதத்தைச் சேர்ந்ததே.

சோதனை முடிவு வந்தபின், இன்ஷா அல்லாஹ், துஆச் செய்ய மீண்டும் அக்கரிசல் சாலையில் செல்வேன். நீங்களும் வீடோ பள்ளிவாசலோ கட்ட எண்ணியிருந்தால், வானம் தோண்டுமுன் ஒரு பிடி மண்ணை எடுத்துக்கொண்டு அறிந்தவரிடம் செல்லுங்கள்.