அடிமரத்தை எரித்துவிடாதீர்கள்

ஒரகடம் பக்கம் கம்பெனி ஆட்களுக்கு வாடகை அறை கட்டுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். காம்பவுண்டு ஓரத்துக் காகிதப்பூவைத் தோண்டினால் அடிமரத்தை விறகாக்காதீர்கள். போன்சாய்க்கு வேண்டியதே அந்தப் பருத்த அடிமரம்தான். சிறு தொட்டியில் வளர்த்து அந்தக் கனத்தை எட்டப் பல வருஷம் பிடிக்கும்.

எங்கள் தெருவில் தோண்டிய ஒன்றைக் கேட்டு வாங்கினேன். இதன் மெல்லிய வேர்கள் சட்டென்று அறும்; பிடித்து இழுக்காமல் மண்ணோடு தூக்க வேண்டும். கிளைகளைக் கழித்து, ஒரு முழ உயரத்தில் அறுத்தேன். கட்டை மென்மையானது. வெட்டுவாயில் தண்ணீர் நின்றால் உள்ளே அழுகும், அதனால் மெழுகு பூசினேன். ஆற்று மணலும் உடைத்த செங்கல்லும் தாராளமாய்க் கலந்த மண்ணில் வைத்து நிழலில் விட்டேன். இப்போது அடிமரமெங்கும் துளிர்! தண்டு பச்சையாக இருக்கும்போதே கம்பி சுற்ற வேண்டும், முற்றினால் முறியும்.

1767-இல் பூகன்வீல் என்ற பிரெஞ்சுக் கடலோடியின் பயணத்தில் வந்த கொமர்சோன் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் ரியோ டி ஜெனிரோவில் சேகரித்த செடி இந்தக் காகிதப்பூ. தென் அமெரிக்காவில் பிறந்தது நம் வெயிலை இவ்வளவு விரும்புவது எனக்கு ஆச்சரியம்தான்.

தண்ணீரைக் குறைத்தால் பூக்கும். இந்த வருஷம் பூ கேட்க மாட்டேன், வேர் பிடிக்கட்டும்.

உங்கள் வீட்டில் தோண்டுவதாக இருந்தால் சொல்லுங்கள். கடப்பாரையோடு நானே வருகிறேன்.