அப்பாவின் பெண்டியம்

அப்பாவுக்குக் கை நடுக்கம். பேனா பிடிக்க முடியாமல் போன பிறகு, தன் தாயார் பாடிய ஒப்பாரிகளை நினைவிலிருந்து கணினியில் தட்டச்சு செய்துவந்தார். அது பெண்டியம் 3. ஓடுகிற வண்டியை எதற்கு மாற்ற வேண்டும் என்பது அவர் கட்சி. அதில் ஜென்டூ லினக்ஸை நிறுவியது என் கிறுக்குத்தனம். அப்போது ஜென்டூவில் மென்பொருள்கள் பெரும்பாலும் மூலநிரலாகவே வந்தன. நம் கணினியிலேயே கம்பைல் செய்துகொள்ள வேண்டியிருந்தது. ஓப்பன் ஆபிஸுக்கு ஒரு பகலும் ஓர் இரவும் போதவில்லை.

ஆகவே 2009-இல் சென்னையில் என்னிடமிருந்த கோர் 2 டுயோவில் 32 பிட் சூழல் ஒன்றை அமைத்து, அங்கே கம்பைல் செய்ததைப் பென் டிரைவில் ஊருக்கு எடுத்துச் சென்று நிறுவினேன். திறந்து பார்க்காமலேயே இரவுப் பேருந்தைப் பிடித்துவிட்டேன்.

காலையில் தொலைபேசி. "நான் எதையாவது தொட்டுட்டேனாடா?" நான் சொல்லச் சொல்லக் கட்டளைத் திரையில் தட்டி, வந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தார்: இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன். ஓய்வுபெற்ற ஆசிரியர்; ஏதோ குற்றம் செய்துவிட்டவரைப் போல் குரல் தாழ்ந்திருந்தது.

குற்றம் என்னுடையது. கம்பைலர் அமைப்பில் 'நேட்டிவ்' என்று விட்டிருந்தேன். கம்பைல் நடக்கும் கணினியின் நுண்செயலிக்கு உகந்த கட்டளைகளை இடு என்று அதற்குப் பொருள். கோர் 2 அறிந்த எஸ்எஸ்இ2 முதலிய கட்டளைகளைப் பெண்டியம் 3 அறியாது.

1975-இல் பில் கேட்ஸும் பால் ஆலனும் ஆல்டேர் என்ற சிறு கணினியைக் கண்ணால் காணாமலேயே அதற்கான பேசிக் மொழியை ஹார்வர்டின் பிடிபி-10 கணினியில் உருவாக்கினார்கள். அந்தப் பெரிய இயந்திரத்தை ஆல்டேரின் இன்டெல் 8080 போலவே நடக்கவைக்கும் நிரலை ஆலன் முதலில் எழுதினார். பிறகு துளைநாடாவுடன் அல்புகர்க்கிக்குப் பறந்தார். நாடாவை ஏற்றுவதற்கான நிரலை மறந்திருந்தார். அதை விமானத்திலேயே எழுதினார். இரண்டும் இரண்டும் எத்தனை என்று கேட்டதற்கு ஆல்டேர் நான்கு என்றது. வேகமானது மெதுவானதாகத் தன்னைப் பாவித்துக்கொள்ளும் அந்தப் பணிவு எனக்குத் தோன்றவில்லை.

'பெண்டியம்3' என்று குறித்து மறுபடி கம்பைல் செய்து அடுத்த வாரம் போனேன். இம்முறை திறக்கும்வரை அருகில் உட்கார்ந்திருந்தேன். இடைப்பட்ட நாட்களில் ஓர் ஒப்பாரியின் நடு அடிகள் நழுவிவிட்டதாக அப்பா சொன்னார். அந்த இடத்தில் சில புள்ளிகளை வைத்துவிட்டு, அடுத்த அடியைத் தட்டத் தொடங்கினார்.