திபேரியு ராயனின் தீவைச் சுற்றி ஒரு நாள்



லூக்கா சுவிசேஷத்தின் மூன்றாம் அதிகாரத்தை வாசிக்கும்போது, அதன் முதல் வசனத்திலுள்ள திபேரியு ராயன் என்ற பெயரை நீங்கள் பலமுறை கடந்து சென்றிருப்பீர்கள். யோவான்ஸ்நானன் வனாந்தரத்தில் பிரசங்கிக்கத் தொடங்கிய காலத்தைக் குறிப்பதற்காகவே லூக்கா அப்பெயரை எழுதுகிறார். அந்த நாட்களில் அந்த ராயன் ரோமாபுரியில் இல்லை என்பதையும், இத்தாலியின் தென்மேற்குக் கடலிலுள்ள ஒரு சிறு தீவின் மலையுச்சியில் குடியிருந்தான் என்பதையும் நான் வெகுகாலம் அறியாதிருந்தேன். காப்ரி என்னும் அத்தீவைப் படகில் சுற்றிவரும் வாய்ப்பு கடந்த ஆண்டு செப்டம்பரில் எங்களுக்குக் கிடைத்தது. அந்த ஒரு நாளைக் குறித்தே உங்களோடு பேச விரும்புகிறேன்.

எங்கள் மகன் மிலான் நகரில் பணிபுரிகிறான். எங்களது முப்பதாவது திருமண நாளுக்காக எங்களை வரவழைத்து, ஒரு நாள் முழுவதற்கும் தனிப்படகு ஒன்றை வாடகைக்குப் பேசியிருந்தான். மும்பையில் ஒரே அறையுள்ள வீட்டில் பிள்ளை வளர்த்தவள் என் மனைவி. வாடகைத் தொகையைக் கேட்டதும் அவள் முகம் வாடிற்று. “இந்தக் காசுக்கு ஊரிலே வீட்டுக்குத் தளம் போட்டிருக்கலாமே, தம்பி” என்றாள். அவன் மறுமொழி சொல்லவில்லை. நாங்கள் அறியாமல் பல மாதங்களாக அவன் சேர்த்து வைத்த பணம் அது.

நீங்களும் அங்கே போக நேர்ந்தால், நேப்பிள்ஸ் நகரத்துத் துறையிலிருந்து விரைவுப்படகில் ஏறுங்கள். ஒரு மணி நேரத்திற்குள் தீவை அடைவீர்கள். சொரெந்தோ என்னும் ஊரிலிருந்து இன்னும் அருகு. காப்ரி மிகச் சிறிய தீவு. பரப்பளவு சுமார் 10 சதுர கிலோமீட்டர்தான். ஆயினும் அதன் மேற்குப் பாதியில் மோந்தே சொலாரோ என்னும் மலை 589 மீட்டர் உயரத்திற்கு எழும்பி நிற்கிறது. தீவு முழுவதும் சுண்ணாம்புப் பாறை. கடலும் மழையும் அப்பாறையைப் பல்லாயிரம் ஆண்டுகளாக அரித்து, கரையெங்கும் குகைகளைக் குடைந்திருக்கின்றன. சாலைகள் எட்டாத அக்குகைகளையும் பாறைகளையும் காண்பதற்குப் படகே வழி. பலரோடு சேர்ந்து செல்லும் பொதுப்படகுகளும் உண்டு. அவற்றில் செலவு மிகக் குறைவு. தனிப்படகில் கிடைப்பது ஒன்றே: விரும்பிய இடத்தில் நிறுத்தி, விரும்பிய நேரம் இருக்கலாம்.

வடகரையிலுள்ள மரீனா கிராந்தே துறையில் எங்கள் படகு காத்திருந்தது. அந்தக் கடற்பகுதியில் மீன்பிடிப்பதற்காகவே செய்யப்பட்டுவந்த மரப்படகு வகை அது, ‘கோத்ஸோ’ என்கிறார்கள். இப்பொழுது இயந்திரம் பொருத்தி, வெயிலுக்குத் துணிக்கூரை கட்டி, பயணிகளை ஏற்றுகிறார்கள். படகோட்டி அறுபது வயதைத் தாண்டியவர். மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். காலணிகளைக் கழற்றச் சொன்னார். வானத்தையும் நீரையும் சற்று நேரம் பார்த்துவிட்டு, “காலையில் கடல் நன்றாயிருக்கிறது, மாலையைப் பற்றி இப்போது சொல்ல மாட்டேன்” என்றார். மகன் அதை எங்களுக்கு மொழிபெயர்த்தான்.

நாங்கள் கிழக்கு நோக்கிப் புறப்பட்டோம். சிறிது நேரத்தில் தீவின் வடகிழக்கு முனையை அடைந்தோம். அங்கே கடலிலிருந்து செங்குத்தாக எழும்பும் பாறைச்சுவர் சுமார் 300 மீட்டர் உயரமானது. அதன் உச்சியில்தான் ராயனின் அரண்மனையாகிய வில்லா யோவிஸ் இடிபாடுகளாகக் கிடக்கிறது. கி.பி. 14இல் அரியணை ஏறிய திபேரியு, கி.பி. 26இல் ரோமாபுரியைவிட்டு நீங்கினான். மறு ஆண்டு இத்தீவில் குடியேறினான். கி.பி. 37இல் நேப்பிள்ஸ் வளைகுடாவின் மறுகரையிலுள்ள மிசேனம் என்னும் இடத்தில் மரிக்கும்வரை அவன் தலைநகருக்குள் திரும்பவும் அடியெடுத்து வைக்கவேயில்லை. தீவில் அவனுக்குப் பன்னிரண்டு மாளிகைகள் இருந்ததாக வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். மலையுச்சியிலே ஊற்று இல்லாதபடியால், மழைநீரைச் சேமிக்கப் பெருந்தொட்டிகள் கட்டி, அவற்றின்மேல் அரண்மனையை எழுப்பினார்கள்.

அவ்வளவு உயரத்தில் ஏன் குடியிருந்தான்? பயமே முக்கியமான காரணம் என்கிறார்கள். அதற்கு ஒரு சம்பவம் சொல்லப்படுகிறது. அவனுக்குப் பல ஆண்டுகளுக்குப்பின் வாழ்ந்த சுவெத்தோனியஸ் என்பவர் எழுதியது அது. அவர் ராயர்களைக் குறித்துக் கேள்விப்பட்டவற்றையெல்லாம் எழுதுபவர் என்பதால், சில கதைகள் மிகைப்படுத்தப்பட்டவை என்று அறிஞர் கருதுவதும் உண்டு. ராயன் தீவுக்கு வந்த சில நாட்களில், ஒரு மீனவன் தனக்குக் கிடைத்த பெரிய மீனைக் காணிக்கையாகக் கொடுக்க விரும்பி, தீவின் பின்புறமாக, வழியே இல்லாத பாறைகளின்மேல் தொற்றி ஏறி, தனித்திருந்த ராயன்முன் போய் நின்றானாம். எதிர்பாராமல் ஒருவன் வந்து நின்றதால் நடுங்கிப்போன ராயன், அந்த மீனைக்கொண்டே அவன் முகத்தைத் தேய்க்கக் கட்டளையிட்டான். அந்த வேதனையிலும் மீனவன், “நல்லவேளை, நான் பிடித்த பெரிய சிங்கி இறாலைக் கொண்டுவரவில்லை” என்றானாம். அதைக் கேட்டவுடன் அந்த இறாலையும் வரவழைத்து, அதன் முள்ளோட்டால் அவன் முகத்தைக் கிழிக்கச் செய்தான் ராயன்.

படகோட்டி இதைச் சொல்லி முடித்தபோது நாங்கள் பாறையின் நிழலில் இருந்தோம். “அந்த மீனவன் பிறகு என்ன ஆனான்?” என்று என் மனைவி கேட்டாள். மகன் அதை மொழிபெயர்த்தான். படகோட்டி தோள்களை உயர்த்திக் கைகளை விரித்தார். ராயனின் பெயரை உலகம் அறியும். மீனவனின் பெயரை எழுதிவைத்தவர் ஒருவருமில்லை.

அந்த முனையிலிருந்து கிழக்கே திரும்பிப் பாருங்கள். ஐந்து கிலோமீட்டர் அகலமான நீரிணைக்கு அப்பால் இத்தாலியின் பெருநிலம் தெரியும். அலெக்சந்திரியாவிலிருந்து தானியம் ஏற்றிவரும் கப்பல்கள் இந்த நீரிணையைக் கடந்து புத்தேயோலித் துறைமுகத்திற்குச் செல்வதைத் தத்துவஞானி செனெக்கா தம் கடிதம் ஒன்றில் விவரித்திருக்கிறார். மற்றக் கப்பல்கள் உச்சிப்பாயை இறக்கிவிட வேண்டும்; அலெக்சந்திரியக் கப்பல்கள் மாத்திரம் அதை விரித்தபடியே வரலாம். அதைக்கொண்டே கரையிலுள்ளோர் அவற்றை அடையாளம் கண்டுகொள்வார்கள். அப்போஸ்தலருடைய நடபடிகள் 28ஆம் அதிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மெலித்தா தீவிலிருந்து பவுலை ஏற்றிவந்தது அலெக்சந்திரியாவின் கப்பல். அவர் இறங்கியது புத்தேயோலி. ஏறத்தாழ கி.பி. 60ஆம் ஆண்டையொட்டி, காவலன் ஒருவனின் பொறுப்பில், கைதியாகப் பவுல் இந்த நீரிணை வழியாகவே சென்றிருக்க வேண்டும். அப்பொழுது திபேரியு மரித்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. மேலே ராயன் விட்டுப்போன மாளிகை, கீழே ஒரு கைதியின் கப்பல். இதை எண்ணியபடி நான் வெகுநேரம் அந்த நீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படகு தெற்கே திரும்பியது. இயற்கையே வளைத்துவைத்த கல்வளைவையும், வெண்குகையையும் கடந்தோம். பாறைமுனை ஒன்றின்மேல் எழுத்தாளர் மலபார்த்தே கட்டிய சிவப்பு வீடு தனித்து நிற்பதைக் கண்டோம். பின்னர் தீவின் அடையாளமாகிய ஃபராலியோனிப் பாறைகள் வந்தன. கடலில் நூறு மீட்டரளவு உயர்ந்து நிற்கும் மூன்று கற்கோபுரங்கள் அவை. கரையிலிருந்து தள்ளி நிற்கும் பாறையில் நீலநிறப் பல்லியினம் ஒன்று வாழ்கிறது. அது வேறெங்கும் இல்லை. நடுப்பாறையில் கடல் குடைந்த வாசல் வழியாகச் சிறுபடகுகள் நுழைந்து செல்லும். அதன்கீழ் முத்தமிடும் தம்பதியர் நெடுங்காலம் இன்புற்றிருப்பர் என்பது அவ்வூரார் சொல்வழக்கு. நாங்கள் முப்பது ஆண்டுகளைக் கண்டுவிட்டபடியால் கையை மாத்திரம் பிடித்துக்கொண்டோம். மகன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

தென்கரையிலுள்ள மரீனா பிக்கோலாவுக்கு எதிரே இயந்திரத்தை நிறுத்தி, மதிய உணவைத் திறந்தோம். என் மனைவி விடியற்காலையில் எழுந்து கிளறிய புளியோதரை. படகோட்டியிடம் ரொட்டியும், தக்காளியும், பால்கட்டியும், உள்ளங்கையளவு எலுமிச்சம்பழமும் இருந்தன. அவர் எங்கள் சோற்றையும், நாங்கள் அவர் ரொட்டியையும் உண்டோம். அடியிலுள்ள கற்கள் தெரியுமளவு தெளிந்த நீரின்மேல் படகு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. மகன் எங்களோடு அமர்ந்து நிதானமாகச் சாப்பிட்டு நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பிற்பகலில் பச்சைக்குகையைக் கடந்து, 1867 முதல் ஒளிவீசும் புந்தா கரேனா கலங்கரை விளக்கத்தை வளைந்து, மேற்குக் கரைக்கு வந்தோம். அங்கேதான் வடமேற்குக் காற்று எங்களை எதிர்கொண்டது. எங்கள் பயணத்தின் முடிவிடம் நீலக்குகை. மகன் இப்படகைப் பேசியதே அதற்காகத்தான். அக்குகையின் வாசல் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரமே உள்ளது. பெரிய படகுகள் நுழைய முடியாது. சிறு துடுப்புப்படகில் மாறி ஏறி, மல்லாந்து படுத்துக்கொள்ள வேண்டும். துடுப்புக்காரர் வாசலிலுள்ள சங்கிலியைப் பிடித்திழுத்து உள்ளே கொண்டுபோவார். அதற்குக் கட்டணம் தனி. வாசலுக்குக் கீழே நீருக்குள் இன்னொரு பெரிய திறப்பு உண்டு. அதன்வழி நுழையும் வெயிலின் செந்நிறத்தை நீர் உறிஞ்சிக்கொள்ள, நீலம் மாத்திரம் உள்ளே சென்று குகை முழுவதையும் நிரப்புகிறது. 1826இல் இரண்டு ஜெர்மானியர் அதற்குள் சென்று வந்து எழுதியபின் அது உலகப்புகழ் பெற்றது. அவர்களுக்கு வழிகாட்டியவரும் ஒரு மீனவரே. அஞ்சலோ ஃபெர்ராரோ என்பது அவர் பெயர்.

வாசலை அலைகள் மோதி மூடுவதைத் தூரத்திலிருந்தே கண்டோம். துடுப்புப்படகுகள் திரும்பிவிட்டிருந்தன. மகன் கெஞ்சினான், கூடுதலாகப் பணம் தருவதாகவும் சொன்னான். படகோட்டி தலையசைத்து மறுத்தார். “கடல் பணம் வாங்காது” என்றார். மகனின் கண்கள் கலங்கிவிட்டன. “எல்லாம் இதற்காகத்தானே, அப்பா” என்றான்.

என் மனைவி அவன் அருகே போய் உட்கார்ந்தாள். “நான் குகையைப் பார்க்கவா ஏழு கடல் தாண்டி வந்தேன்? நீ சாப்பிடுவதைப் பார்த்தேனே, அது போதும்” என்றாள். காலையில் காசைக் கணக்கிட்டவள் அவள்தான்.

வாசகரே, துறைக்குத் திரும்பும் வழியில் அந்தப் பெயரில்லாத மீனவன் என் நினைவைவிட்டு அகலவில்லை. அவன் முகம் கிழிக்கப்பட்டது கி.பி. 27ஐயொட்டிய நாட்களில். ஆண்டவர் கலிலேயாவிலே மீனவர்களைப் பேர்சொல்லி அழைத்ததும், சிலுவையில் மரித்து உயிர்த்தெழுந்ததும் திபேரியு இத்தீவில் இருந்த அதே ஆண்டுகளில்தான். யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தில், இராமுழுதும் ஒன்றும் அகப்படாமல் கரைக்கு வந்த மீனவர்களுக்காக, உயிர்த்தெழுந்த ராஜா தாமே கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம்பண்ணி, சாப்பிட அழைக்கிறார். அந்தக் கடலின் பெயரை அங்கே எடுத்துப் பாருங்கள்: திபேரியாக் கடல். இந்த ராயனைக் கனம்பண்ணவே ஏரோது தன் நகரத்திற்கு வைத்த பெயர் அது. அந்நகரத்தின் பெயரே கடலுக்கும் ஆயிற்று. ஒரு ராஜா தனக்கு மீன் கொண்டுவந்தவனைக் கண்டு நடுங்கினான். மற்றொரு ராஜா, அவன் பெயரால் அழைக்கப்பட்ட கரையிலேயே, மீனவர்களுக்கு மீன் சுட்டுக்கொடுத்தார்.

மாலைப் படகில் நேப்பிள்ஸுக்குத் திரும்பும்போது, வில்லா யோவிஸ் இருந்த உச்சியின்மேல் கடைசி வெயில் விழுந்தது. நம்மில் அநேகர் மாநகரங்களில் உயர்ந்த மாடிகளின் நிழலில் வாழ்கிறோம். மேலேயிருப்பவர்களை அண்ணாந்து பார்த்தே நாட்கள் போய்விடுகின்றன. காப்ரிக்கு நீங்கள் போகலாம், போகாமலும் இருக்கலாம். ஆனால் தொலைவிலிருக்கும் பிள்ளையோடு உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட வாய்ப்பு வந்தால், செலவைக் கணக்கிட்டு அதைத் தள்ளிப்போடாதிருங்கள். என் மனைவி அந்த எலுமிச்சம்பழத்தின் விதைகளைக் கைக்குட்டையில் முடிந்து மும்பைக்குக் கொண்டுவந்தாள். ஜன்னலோரத் தொட்டியில் ஒன்று முளைத்திருக்கிறது.